கடைசியாகக் கை வைத்தவர்

1

எங்கள் வீட்டு டிவி நான்கே நாளில் சரியாகிவிட்டது. நல்ல செய்திதான். ஜெர்மனியில் நான் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு ஒரு மெக்கானிக் வந்தார். ஷூவுக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். டிவியின் பின்பக்கத்தைக் கழற்றி, ஒரு போர்டை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார். நான் கொடுத்த காபியில் பாதியைக் குடித்தார், போய்விட்டார். படம் வந்தது. என் மகள் தாரணி "சூப்பர்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். நான் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

இதே கம்பெனியின் டிவி, இதே கோளாறு, ராஜபாளையத்தில் என் அப்பாவின் வீட்டில் ஒன்றரை வருடம் செத்துக் கிடந்தது. அதைச் சரிசெய்ய நான் எழுதாத கடிதம் இல்லை. கடைசியில் டிவியும் சரியாகவில்லை, அப்பாவும் சரியாகவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே கம்பெனிக்கு போன் செய்தபோது நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா? பதினாறு வருடம் இந்த மொழியில்தான் சோறு தின்கிறேன். ஆனாலும் போனை எடுத்ததும், மன்னிக்கவும், சிரமம் கொடுக்கிறேன், முடிந்தால், பெரிய மனது பண்ணி, என்று ஒரே கும்பிடு. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தாரணி போனை வாங்கி இரண்டு வாக்கியம் பேசினாள். வேலை முடிந்தது. வைத்த பிறகு ஜெர்மனில் என்னிடம் சொன்னாள்: "நீ ஏன்மா கெஞ்சுற? கேட்டாப் போதும். பழுது பார்க்க வேண்டியது அவங்க பொறுப்பு, சட்டமே இருக்கு."

பதினாலு வயதுப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் என் வாய் ராஜபாளையத்து வாய். அதற்குக் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் யார் இருந்தாலும் முதலில் குனியத்தான் தெரியும்.

2

என் அப்பா ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். நூல் நூற்கும் மெசின்கள் வரிசையாக ஓடுகிற கூடத்தில் முப்பத்து நாலு வருடம். அந்தச் சத்தத்துக்குள் போய்வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே காது எதற்கும் உதவாது. எல்லாரும் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார்கள். மெசினுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் டீ குடிக்கக் கூப்பிடுகிறானா, மேஸ்திரியைத் திட்டுகிறானா என்று அப்பா சரியாகச் சொல்லிவிடுவார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் ரகசியம் பேசுவோம்.

ஓய்வு பெற்ற சில வருடங்களில் காது முழுசாகப் போய்விட்டது. மதுரையில் காட்டிக் காதுக்கு மெசின் வாங்கிக் கொடுத்தேன். "இது பேச்சைப் பெருசாக்கல தாயி, இரைச்சலத்தான் பெருசாக்குது" என்று இரண்டாம் நாளே கழற்றி வைத்துவிட்டார். நரம்பு போய்விட்டது, இனி இவ்வளவுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அம்மா இருந்தவரை அவள் போனில் நான் சொல்வதைக் கேட்டு, அப்பாவுக்கு வாயசைத்துச் சொல்வாள். அம்மா போன பிறகு அந்த வழியும் அடைந்துவிட்டது. செல்போனில் என் முகம் தீப்பெட்டி அளவு. அப்பாவுக்கு வெள்ளெழுத்து வேறு, கிட்டத்தில் எதுவும் தெளியாது. என் உதடு அவருக்குத் தெரியவே தெரியாது.

அப்போதுதான் லீவில் போயிருந்த சமயம் அந்த ஸ்மார்ட் டிவியை வாங்கினேன். பெரிய திரை, மேலே ஒரு கேமரா. இங்கிருந்து நான் கூப்பிட்டால் திரை முழுக்க என் முகம் வரும், கட்சி மாநாட்டுக்கு வைக்கிற கட்அவுட் மாதிரி. பெரியப்பா மகன் செல்வம் அண்ணன் தளவாய்புரத்திலிருந்து வந்து எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார். அழைப்பு வந்தால் கேமராவில் ஒரு விளக்கு சிமிட்டும், ரிமோட்டில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டும் வைத்தார்.

நான் ஜெர்மனிக்குத் திரும்பி முதல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து என் வாயையே பார்த்தார். "அப்பா, நான் பேசுறது புரியுதா?" என்று கேட்டேன்.

"புரியுது, புரியுது. பல்லுல கீரை ஒட்டிருக்கு, மொதல்ல அதை எடு" என்றார், தெருவுக்கே கேட்கிற குரலில்.

இங்கிருந்து நானும் அப்பாவும் நடுவில் ஆள் இல்லாமல் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அதற்கப்புறம் எந்த ஞாயிறும் தவறவில்லை. மில்லில் யார் யார் செத்துப்போனார்கள், தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது, பஞ்சு மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில் எவனோடு சண்டை, எல்லாம் வரும். நான் இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். வாரம் முழுக்க அடுத்தவர்களுடைய அப்பாக்கள் முன்னால் உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து நிதானமாகப் பேசுவது என் வேலை. ஞாயிறு ஒரு நாள் என் அப்பாவுக்குப் பேசுவேன்.

3

எங்கள் ஊர் மில்களில் ஆயுத பூஜை என்றால் தீபாவளிக்கு மேலே. மெசின்களை நிறுத்தி, பஞ்சு தூசியைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைப்பார்கள். அன்றைக்கு மெசினைத் துடைக்கிற உரிமை அதைப் பார்த்துக்கொள்கிற ஃபிட்டருக்குத்தான். அப்பா அந்தத் துணியை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

டிவி வந்த இரண்டாவது வருடம், ஆயுத பூஜை அன்று, அவர் டிவியையும் துடைத்தார். வீட்டில் ஓடுகிற மெசின் அது ஒன்றுதானே. செம்பில் தண்ணீர் வைத்துத் துணியை நனைத்துப் பிழிந்து, முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் துடைத்து, கீழ் ஓரத்தில் மூன்று இடத்தில் சந்தனம், நடுவில் குங்குமம். அந்த ஈரம் காயும் முன்னே நான் கூப்பிட்டபோது அவர் எழுந்து நின்று கும்பிட்டார். "என்னப்பா, என்னையவா கும்பிடுதீக?" என்று சிரித்தேன். "உன்னைய இல்ல, மெசினை" என்றார். அந்தக் காட்சியைச் செல்வம் அண்ணன் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினார். நான் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டி மகிழ்ந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து டிவியில் ஏதோ அப்டேட் வந்தது. தானாகவே இறங்கி, தானாகவே ஏறிக்கொண்டது. அதிலிருந்து டிவி தானாக அணைவதும் எரிவதுமாக இருந்தது. பிறகு திரையின் கீழ் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. ஒரு வாரத்தில் கோடு தடித்து, மேலே ஏறி, என் வாய் இருக்கிற இடம்வரை வந்துவிட்டது. "உன் நெத்தியும் கண்ணுந்தான் தெரியுது தாயி, வாயைக் காணோம்" என்றார் அப்பா. நான் கேமராவைக் கீழே சாய்த்து, எக்கி நின்று, என்னென்னவோ செய்து என் வாயைத் திரையின் மேல் பக்கத்துக்குக் கொண்டுவந்து பேசினேன். அடுத்த ஞாயிறு முழுக்க இருட்டு.

வாரண்டி இருந்தது. கூடுதலாக இரண்டு வருடத்துக்கு வேறு எழுதி வாங்கியிருந்தேன். மதுரையிலிருந்து கம்பெனியின் சர்வீஸ் ஆள் ஒருவர் வந்தார். பின்பக்கத்தைக் கழற்றியதும் கீழ் ஓரத்தில் காய்ந்த சந்தனம் இருந்தது. அதை ஆறு கோணத்தில் படம் எடுத்தார். பிறகு கையிலிருந்த டேப்லெட்டில் ஏதோ தட்டி, அப்பாவிடம் நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. செல்வம் அண்ணன் அன்றைக்கு வரவில்லை. அப்பா ஆளின் உதட்டைப் பார்த்தார். "யாரு இதைக் கடைசியாத் தொட்டது?" என்று அந்த ஆள் கேட்டிருக்கிறார். அப்பா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். "அப்ப இங்க கையெழுத்துப் போடுங்க."

போட்டுவிட்டார். விரலால், அவருடைய முழுப் பெயரையும்.

தெரியாமல் போட்டார் என்றுதான் நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. மில்லில் ஒரு மெசின் நின்றுபோனால், அதில் கடைசியாகக் கை வைத்த ஃபிட்டர்தான் பழுது நோட்டில் முதல் கையெழுத்துப் போட வேண்டும். குற்றம் என்று அர்த்தமில்லை. விசாரணையை அங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு மேஸ்திரி வருவார், இஞ்சினியர் வருவார், மெசினைத் திறந்து எல்லாருமாகக் காரணத்தைத் தேடுவார்கள். அப்பா அந்த முறைக்குக் கையெழுத்துப் போட்டார். கம்பெனிக்காரனோ அந்தக் கையெழுத்தோடு விசாரணையை முடித்துக்கொண்டான்.

4

திரவம் உட்புகுந்த சேதம், வாடிக்கையாளரால் நேர்ந்தது, வாரண்டி செல்லாது. இதுதான் எனக்கு வந்த மெயில். காசு கொடுக்கிறோம், பழுதாவது பாருங்கள் என்று கேட்டேன். அந்த மாடலுக்குத் திரையோ போர்டோ இருப்பில் இல்லை, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினால் தள்ளுபடிக் கூப்பன் உண்டு என்று பதில். இரண்டு வருடத்து டிவி ஐயா, அதற்குள் எப்படிப் பழையதாகும் என்று எழுதினேன். அதற்குப் பதிலாக, உங்கள் புகார் தீர்க்கப்பட்டதில் மகிழ்ச்சி என்று வந்தது. யாருக்கு மகிழ்ச்சி என்று கேட்டு எழுதினேன். இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப இயலாது என்று வந்தது. இப்படியே பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள், ஒவ்வொருவருக்கும் நான் சந்தனத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

செல்வம் அண்ணன் ராஜபாளையத்திலேயே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினார். அவர் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

"அக்கா, இது தண்ணி போன கேஸு இல்லக்கா. சந்தனம் வெளிச் சட்டத்தோட நின்னுருச்சு. உள்ள லைட்டு ஸ்ட்ரிப்பு அம்புட்டும் காஞ்சு சுத்தமா இருக்கு. போர்டுதான் போச்சு. அந்த அப்டேட்டு வந்த பொறவு இதே மாடல் எங்கிட்ட மட்டும் மூணு வந்துருச்சு. எங்கிட்ட திரை ஒடஞ்ச செட்டு ஒண்ணு கெடக்கு, அதுல இருந்து போர்டை எடுத்து மாட்டிப் பாத்தேன். ஏத்துக்கிட மாட்டேங்குது. ஏதோ ரகசிய நம்பர் கேக்குது. அந்த நம்பர் கம்பெனிக்காரன் கையில இருக்கு, எங்களுக்குத் தர மாட்டான். நான் என்னக்கா செய்ய?"

ஆக, பழுது பார்க்கத் தெரிந்தவர் கையில் சாவி இல்லை. சாவி வைத்திருப்பவனுக்குப் பழுது பார்க்க மனசில்லை.

அந்தக் குரலை அப்பாவுக்காக எழுதி அனுப்பினேன். உங்கள் தப்பு இல்லை, போர்டுதான் தப்பு என்று. செல்வம் அண்ணன் அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தார். அப்பா இரண்டு தடவை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். "பிள்ளை ஆறுதலுக்குச் சொல்லுது" என்றாராம்.

5

புதுசு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று எல்லாரும் கேட்டார்கள். தாரணியும் கேட்டாள். வாங்கலாம்தான். ஆனால் அப்பா விடவில்லை. "கெடுத்தவன் வீட்டுக்கு எதுக்கு இன்னொண்ணு? மொதல்ல இது எதனால போச்சுன்னு தெரியட்டும்" என்று சொல்லி அனுப்பினார். முப்பத்து நாலு வருடத்தில் தன் கையால் ஒரு மெசின் கெட்டது என்று நோட்டில் ஒரு வரி கிடையாது என்பது அவருக்கு இருந்த ஒரே பெருமை. அதில் இப்போது யாரோ ஒரு வரி எழுதிவிட்டார்கள். அந்த வரியை அழிக்க வேண்டும் என்றுதான் நானும் முடிவு செய்தேன். டிவிக்காக இல்லை.

முதலில் இங்கிருந்தே போர்டை வாங்கி அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். இங்கே உதிரி பாகம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். மாடல் எண்ணைச் சொன்னேன். கடைக்காரர் கணினியில் தேடிவிட்டு, கடைசி இரண்டு எழுத்து வேறாக இருக்கிறதே, இது வேறு நாட்டுச் சரக்கு, எங்கள் பட்டியலில் இல்லை என்றார். பொருள் ஒன்று, பெயர் ஒன்று, கடைசி இரண்டு எழுத்தில் என் அப்பாவின் உரிமை போய்விட்டது. பொருளைச் செய்தவர்களுக்கு நாங்கள் எந்தப் பக்கத்து ஆள் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமைகள் காலியாகிவிட்டன. தாரணி அந்த நேரத்துக்குக் கைப்பந்துப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். டிவி இருந்தபோது அவளும் பத்து நிமிடம் வந்து உட்காருவாள். அவள் தமிழ் பேசும்போது உதடு சரியாகத் திறக்காது, ஆகவே அப்பா "என்ன சொல்லுதா?" என்று என்னைப் பார்ப்பார். நான் அதே வார்த்தையை வாயை அசைத்துச் சொல்வேன். இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஒரு வருடம் போன பிறகு ஒரு நாள், தாத்தாவுக்கு ஏதாவது எழுதேன் என்றேன். நான்கு வரி எழுதினாள். மூன்று ஜெர்மனில் இருந்தது. "தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு மறந்துட்டேன்" என்றாள், கைக்குட்டையை எங்கோ மறந்து வைத்துவிட்டேன் என்கிற குரலில். நான் கோபப்படவில்லை. யாரிடம் கோபப்படுவது?

6

எங்கள் மாவட்டத்துக்கு நுகர்வோர் கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பில் என் பெயரில் இருந்ததால் புகாரையும் நானே போட்டேன். செல்வம் அண்ணனை என் சார்பாக நிறுத்த ஒரு அதிகாரக் கடிதம் வேண்டும். அதற்குத் தூதரகத்தில் நேரம் வாங்கி, ரயிலில் நாலு மணி நேரம் போய், போட்டோ அளவு தப்பு என்று திரும்பி வந்து, மறுபடி போனேன். தப்பு என்னுடையதுதான், அளவைச் சரியாக வாசிக்கவில்லை.

டிவியை நாங்கள் எவ்வளவு பக்குவமாக வைத்திருந்தோம் என்று காட்ட ஏதாவது படம் இருந்தால் இணைக்கலாம் என்றார் நாங்கள் வைத்திருந்த வக்கீல். நான் யோசிக்கவே இல்லை. ஆயுத பூஜைப் படத்தை இணைத்தேன். ஒரு பெரியவர் ஒரு டிவியைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார், இதைவிடப் பக்குவமாக யார் வைத்துக்கொள்ள முடியும்? பார்க்கிறவர்கள் மனது இளகிவிடும் என்று நினைத்தேன். அந்தப் படத்தில் திரை ஈரத்தில் மினுங்கியது. கீழே சந்தனம் வழிந்த கோடு. மேஜைமேல் தண்ணீர்ச் செம்பு. இவ்வளவும் என் கண்ணில் படவில்லை. எனக்கு அப்பா மட்டும்தான் தெரிந்தார்.

கம்பெனி வக்கீலுக்கு அப்பா தெரியவில்லை, செம்பு தெரிந்தது.

விசாரணை நாளில் நடந்ததைச் செல்வம் அண்ணன் அன்று சாயங்காலமே போனில் சொன்னார். அப்பாவை டவுன் பஸ்ஸில் கூட்டிப்போயிருக்கிறார். உள்ளே கூப்பிடும் முன்னால் வாசலில் வைத்து எங்கள் வக்கீல் செல்வம் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னாராம்: துணி காய்ந்த துணி என்று சொல்லச் சொல்லுங்கள், சந்தனமும் காய்ந்த தூள் என்று சொல்லிவிட்டால் போதும். அப்பா பத்தடி தள்ளி ஒரு வேப்பமரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். அவர் உதட்டைப் படிப்பார் என்பது வக்கீலுக்குத் தெரியாது.

"உள்ள நல்லவிதமாத்தான் விசாரிச்சாவ செம்பகம்" என்றார் அண்ணன். "காது கேக்காதுன்னதும் அவிய முன்னாடி வந்து, வாயைத் தொறந்து நிதானமாக் கேட்டாவ. படத்தைக் கையில குடுத்து, இதுல இருக்கது நீங்கதானான்னு கேட்டாவ. சித்தப்பா படத்தைச் செத்த நேரம் பாத்துட்டு, நல்லா வந்துருக்குன்னாரு."

"பொறவு?"

"ஈரத்துணியா காஞ்ச துணியான்னு கேட்டாவ. நம்ம வக்கீலை ஒரு பார்வை பாத்தாரு. ஈரத்துணியால தொடைச்சேன்யா, கடைசியா அதுல கை வச்சது நாந்தான்னு சத்தமாச் சொல்லிட்டாரு. வெளிய உள்ளவன் அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாத்தான்."

கோர்ட்டில் விசாரித்தவர்கள் அதற்காகப் புகாரைத் தள்ளுபடி செய்துவிடவில்லை. துடைத்ததாலேயே கெட்டது என்று ஆகாது, வேண்டுமானால் நிபுணரிடம் அனுப்பிச் சோதிக்கச் சொல்லலாம், மனுப் போடுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்தது. போட்டுவிடலாம் அண்ணே, கடைசிவரை பார்த்துவிடலாம் என்றேன்.

செல்வம் அண்ணன் சொன்னார்: "நீ அங்கன இருந்து கேஸு நடத்துதே. இங்கன வந்து நிக்கிறது சித்தப்பா. பஸ்ஸுல வரும்போது கையைப் பாத்துக்கிட்டே வந்தாரு. ஏலே செல்வம், நான் ஒத்துக்கிட்ட பொறவும் என்னைய எதுக்கு மறுபடி வரச் சொல்லுதாங்கன்னு கேக்காரு. நான் என்ன பதில் சொல்ல?"

மூன்று நாள் யோசித்தேன். நிபுணர் வருவார், கம்பெனி மறுப்பு எழுதும், தேதி தள்ளிப்போகும், ஒவ்வொரு தேதிக்கும் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய், நான்தான் நான்தான் என்று சொல்லிக்கொண்டு நிற்பார். அவர் பெயரைக் காப்பாற்றத்தான் வழக்குப் போட்டேன். அவரோ ஒவ்வொரு தடவையும் அதைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். நான் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டபோது எனக்கு வந்த வெட்கத்தை எழுதத் தெரியவில்லை. அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று.

7

பிறகு அப்பாவைக் கேட்காமலே புது டிவி வாங்கினேன். வேறு கம்பெனி. செல்வம் அண்ணன் கடையில் பார்த்து வாங்கி, சுவரில் மாட்டினார். திரைமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கப் போனபோது அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். "வேண்டாம்லே. நம்ம கை படாம இருக்கட்டும்."

அவர் ரிமோட்டையும் தொடுவதில்லை. ஞாயிறு ஞாயிறு அண்ணன் தளவாய்புரத்திலிருந்து வந்து அமுக்கினால்தான் உண்டு. வராத வாரம் நான் கூப்பிடுவேன், கேமரா விளக்கு சிமிட்டும், அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொன்னார். இந்த ஆயுத பூஜைக்கு மிக்ஸி, கிரைண்டர், சைக்கிள், பழைய ஸ்பேனர்கள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருக்கிறார். டிவி பக்கம் போகவே இல்லை.

இங்கே என் வீட்டு டிவி கெட்டபோது வந்த மெக்கானிக்கிடம், என்ன கோளாறு என்று கேட்டேன். இந்த மாடலுக்கு இது வழக்கம்தான், ஒரு அப்டேட்டுக்குப் பிறகு போர்டு போய்விடுகிறது, கீழே கோடு விழும், நிறையப் பார்த்துவிட்டேன் என்றார், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். தயங்காமல் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அவர் போன பிறகுதான் நான் குழாயைத் திறந்தேன்.

முடிந்த வழக்கு முடிந்ததுதான் என்று வக்கீல் சொல்லிவிட்டார். எனக்கு வழக்கு வேண்டியதில்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எழுதி அனுப்பினால் ஆறுதல் என்பார். என் வாயைப் பார்த்தால் நம்புவார். இதுவரை நம்பியிருக்கிறார்.

இந்த ஞாயிறு செல்வம் அண்ணன் வந்திருந்தார். டிவியைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனார். அப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இளைத்திருந்தார். கைகளை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். நான் அந்தத் தாளைக் கேமராவுக்கு நேரே காட்டினேன். பிறகு தாளை இறக்கிவிட்டு, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். என் டிவியும் அதேபோலப் போச்சுப்பா. இங்க யாரும் துடைக்கல, சந்தனம் வைக்கல. போர்டுதான் தப்பு. அது செய்தவங்க தப்பு. நீங்க கெடுக்கலப்பா. நீங்க கெடுக்கவே இல்லப்பா.

அப்பா என் வாயைப் பார்க்கவில்லை. அவர் கண் கீழேயே இருந்தது, பழைய டிவியில் முதலில் கோடு விழுந்த அதே கீழ் விளிம்பில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும் அங்கிருந்து இங்கேயுமாக. நான் கையை ஆட்டினேன். எழுந்து நின்று ஆட்டினேன். அவர் நிமிரவில்லை. நான் பேசி முடித்துவிட்டேன் என்று எப்படியோ தோன்றியிருக்க வேண்டும், தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் ஓடுது தாயி" என்றார். "நான் ஒண்ணும் தொடல."